இருபத்தாறு பேருக்கு நாலு குழாய்

தாய் தகப்பன் வைத்த பெயர் அவளுக்குச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி சட்டைக் கம்பெனியின் ஏழாம் லைனில் எல்லாருக்கும் அவள் ரிஜெக்ட் அக்கா. பதினொரு வருடமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறாள். தையல் ஒரு நூல் விலகினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான். புருஷன் மடித்து வைத்த துணியைக்கூட உதறிப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பாள்.

அப்பேர்ப்பட்டவள் தன் உடம்பை மட்டும் யாரையும் பார்க்க விட்டதில்லை. அவளுடைய அக்காவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்பது முற்றிய பிறகுதான் தெரிந்தது. ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. அதற்கப்புறம் இவள் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டு தடவையும் பரிசோதனைக் கட்டிலைப் பார்த்ததும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வயது முப்பத்தொன்று. இரண்டாவது படிக்கிற மகள் இருக்கிறாள்.

ஒரு திங்கட்கிழமை கம்பெனிக்கு ஒரு நர்ஸ் வந்து ஆளுக்கொரு டப்பாவும் பெயர், வயது எழுத ஒரு பாரமும் கொடுத்தாள். டப்பாவுக்குள் மெல்லிய பிரஷ் ஒன்று, மூடி போட்ட குழாய் ஒன்று. யார் முன்னாலும் படுக்க வேண்டாம், பாத்ரூமில் நீங்களே உள்ளே விட்டு அஞ்சு சுற்று சுற்றிக் குழாயில் போட்டுக் கொடுங்கள், அந்த நோயைக் கொண்டுவரும் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றாள். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

லைனில் இருபத்தாறு பெண்கள். நாமே எடுத்தால் சரியாக வருமா என்று ஆளாளுக்கு முழித்து, கடைசியில் ரிஜெக்ட் அக்காவிடம் வந்து நின்றார்கள். அவள் சொன்ன தீர்ப்பு லைனுக்கே நியாயமாகப் பட்டது. நூறு சட்டையில் பத்தைப் பிரித்துப் பார்க்கிறோம். அது தேறினால் பெட்டியே தேறியது. இதற்கு நாலு பேர் போதும். சீட்டுக் குலுக்கினார்கள். தன் பெயரை மட்டும் அவள் போடவில்லை.

வியாழக்கிழமை நர்ஸ் இருபத்தாறு பாரத்தையும் நாலு குழாயையும் திரும்பத் திரும்ப எண்ணினாள். விஷயத்தைக் கேட்டதும் பாரக் கட்டை டேபிளில் வைத்தாள்.

"அக்கா, நாலு பேருக்கு ஒண்ணும் இல்லைன்னா மத்தவங்களுக்கும் இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"சட்டை வாங்குற எங்க பையரே பத்து வருஷமா ஒத்துக்கிறாரே."

"சரி, அந்த நாலுல நீங்க உண்டா?"

பட்டன் தைக்கிற பெண் முந்திக்கொண்டாள். "செக்கர் தன் பீஸைத் தானே பாஸ் பண்ணக் கூடாதாம், நர்சம்மா. அதான் அக்கா எடுக்கலை."

"பாஸ் பண்றது லேப்ல. நீங்க எடுத்துக் குடுத்தாப் போதும்."

ரிஜெக்ட் அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "எங்க அக்காவுக்கு வந்துச்சு. எனக்கும் இருக்குன்னு சொல்லிட்டா என்ன பண்றது?"

"இப்பவே தெரிஞ்சா பண்றதுக்கு நிறைய இருக்கு. உங்க அக்காவுக்கு லேட்டாத்தானே தெரிஞ்சுது?"

ரிஜெக்ட் அக்கா டப்பாவை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள்.

கால் மணி நேரம் ஆனது. வெளியே லைன் மொத்தமும் காத்து நின்றது. உள்ளேயிருந்து கேள்வி வந்தது. "முதல் சுத்து ஒழுங்கா வரலை. அதையும் கணக்குல சேர்க்கவா?"

சேர்க்கலாம் என்றாள் நர்ஸ். வெளியே வந்தவள் குழாயை விளக்குக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். இது தேறாது, வேறு டப்பா கொடு என்றாள். நர்ஸ் அதை அவள் கையிலிருந்து பிடுங்கிப் பெட்டியில் போட்டு மூடினாள். மற்ற பெண்கள் தங்கள் டப்பாக்களோடு வரிசை கட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்து அவள் டேபிளுக்கு வந்த நேரத்தில் போன் வந்தது. உங்களுக்குக் கிருமி எதுவும் இல்லை, சில வருடம் கழித்து மறுபடி பார்த்தால் போதும் என்றாள் நர்ஸ். லேபில் இரண்டாவது ஆளும் சரிபார்த்தாரா என்று இவள் கேட்டாள். பார்த்தார் என்று பதில் வந்தது.

சாயங்காலம் சூப்பர்வைசர் ஒரு கட்டுச் சட்டையைக் கொண்டுவந்து டேபிளில் போட்டார். நாற்பது சட்டை, அத்தனையிலும் காலர் கோணல், அத்தனையும் அந்தப் போனுக்கு அப்புறம் அவள் பாஸ் பண்ணியது. பதினொரு வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

அவள் ஒன்றை எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். "ஆமா சார், படு கோணல். தையலைப் பிரிக்கச் சொல்லுங்க."