தூங்கி விழுந்த குஞ்சுகள்

பெரியப்பா நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை தொடங்கிய வருஷம் எனக்கு ஒன்பது வயது. குஞ்சு வந்து ஒரு வாரமானதும், வெள்ளைக்கழிச்சல் வராமலிருக்கக் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். அதற்காகப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் அக்கா வந்தார். ஐஸ் டப்பாவிலிருந்து புட்டியை எடுத்தால் அது தீரும்வரை நிமிர மாட்டார்.

லீவுக்குப் போயிருந்த நான் அடம்பிடித்து ஒரு புட்டியை வாங்கிக்கொண்டேன். பத்துக் குஞ்சு ஆவதற்குள் அக்கா அதைப் பிடுங்கிவிட்டார்.

"சொட்டு உள்ள எறங்கறதுக்குள்ள குஞ்சக் கீழ உட்டர்றயே சாமி. நீ போயி வெளையாடு."

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் குஞ்சுகள் தும்மின. இறகைத் தொங்கப்போட்டுத் தூங்கி விழுந்தன. பெரியப்பா ஷெட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அப்போதுதான் நான் சொன்னேன்: "அந்த அக்கா மருந்த ரொம்ப நேரம் வெய்யில்ல வெச்சிருந்தாங்க பெரியப்பா. நான் பாத்தேன்."

நான் எதையும் பார்க்கவில்லை.

பெரியப்பா அக்காவை வரவழைத்தார். "ஐஸ் டப்பாவ உட்டு வெளிய வெக்கவே இல்லீங்க. ரெண்டு நாளு பொறுங்க, தேறிக்கும்" என்றார் அவர்.

"அப்ப புள்ள பொய் சொல்லுதா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் காலால் உமியைக் கிளறிக்கொண்டிருந்தேன். "வாரேனுங்க" என்று போனவரை அதன்பின் எந்தப் பண்ணையிலும் கூப்பிடவில்லை. தறிப்பட்டறைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

குஞ்சுகள் தேறின. அடுத்த மாதம் பக்கத்துப் பண்ணையில் வெள்ளைக்கழிச்சல் வந்து ஷெட்டே காலியானது. எங்களுடையதில் ஒன்றுகூடச் சாகவில்லை. மாரியம்மன் காப்பாற்றினாள் என்று பெரியப்பா பொங்கல் வைத்தார். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

பிறகு கால்நடை மருத்துவம் படிக்கையில் ஒரு வகுப்பில் சொன்னார்கள். அந்தச் சொட்டில் இருப்பது வலுக் குறைந்த, உயிருள்ள கிருமி. அது பட்ட செல்கள் சில ரசாயனங்களைச் சுரந்து வெள்ளை அணுக்களுக்குச் சேதி அனுப்புகின்றன. அவை சண்டைக்குத் தயாராகின்றன. அந்தச் சேதி ஓடுகிற இரண்டொரு நாள் உடம்பு சோர்ந்துபோகும். வெயிலில் வைத்திருந்தால் கிருமி செத்திருக்கும். சேதியும் போயிருக்காது, சோர்வும் வந்திருக்காது. குஞ்சுகள் துள்ளிக்கொண்டு திரிந்திருக்கும்.

அதற்குமேல் என்னால் பாடக்குறிப்பு எழுத முடியவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

ஐயாயிரம் குஞ்சுகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அக்கா சொன்னது நிஜம் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் யாருக்கும் அது புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குக் குஞ்சுகள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.