நான்காவது துளை

பழைய விமானத்தின் வலப்பக்கத்துச் சீட்டு தானாக நகர்கிறது என்பதை ஏஞ்சலின் நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லலாம் என்றாலும் அந்த ஷெட்டில் கேட்க ஆள் கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை வைத்திருக்கும் சுப்பராயன், பள்ளிப்பட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு தனியார் ஓடுதளத்தில் தன் விமானத்தை நிறுத்தி வைத்திருந்தார். அதைப் பராமரிப்பவள் ஏஞ்சலின் ஒருத்திதான். அவளுடைய அப்பா இம்மானுவேல் ரோலிங் மில்லில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். ஓவர்டைம் பார்த்தே மகளை விமானப் பராமரிப்புப் படிக்க வைத்தார். லைசென்ஸ் தேர்வில் மூன்றாவது தடவைதான் தேறினாள். வேலைக்குச் சேர்ந்த விமானப் பயிற்சிப் பள்ளியை இரண்டே வருஷத்தில் மூடிவிட்டார்கள். பெரிய கம்பெனிகள் சொல்லி அனுப்புவதாகச் சொல்லி, அனுப்பவில்லை. மணவாள நகரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் சுப்பராயன் ஆள் தேடினார்.

விமானம் 1978இல் செய்தது. நாலு சீட்டு, ஒற்றை இஞ்சின். சுப்பராயன் ஐம்பத்தைந்து வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவர். இப்போது அறுபத்து மூன்று. ஞாயிறு காலையில் வருவார், தனியாக ஏறுவார், பழவேற்காடு ஏரிவரை போய்த் திரும்புவார். யாரையும் கூட ஏற்றியதில்லை.

"புதுசு ஒண்ணு வாங்கலாமே சார்," என்று ஒருமுறை கேட்டாள்.

"இதுக்கு இன்னா கொறச்சல்? பழசோட வியாதி எல்லாம் நமக்குத் தெரியும். புதுசுக்கு இன்னா வியாதின்னு அத்த செஞ்சவனுக்கே தெரியாது."

அந்த விமானத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் அடியில் தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்புப் பட்டைகள் இருக்கும். பட்டையில் வரிசையாகத் துளைகள். சீட்டை முன்னே பின்னே நகர்த்தி, வேண்டிய துளையில் சீட்டின் பூட்டுப் பின்னை விழ விட்டால் நின்றுகொள்ளும். தரையைத் துடைக்க வசதியாக, ஏஞ்சலின் வலது சீட்டைக் கடைசித் துளைக்குத் தள்ளிவிட்டுத்தான் சாயங்காலம் பூட்டிக்கொண்டு போவாள். மறுநாள் காலையில் அது முன்னாலிருந்து நான்காவது துளையில் நிற்கும். குள்ளமான ஆள் ஒருவர், கால் எட்டுவதற்காக இழுத்துப் போட்டுக்கொண்டது போல.

முதலில் தன் மறதி என்றே நினைத்தாள். பிறகு சாக்பீஸால் கோடு போட்டு வைத்தாள். பிறகு, சீட்டு நகராதபடி ஒரு போல்ட்டை முடுக்கி வைத்தாள். மறுநாள் அந்த போல்ட் சீட்டின் நடுவில் கிடந்தது, நட்டும் பக்கத்திலேயே. அறுந்திருக்கவில்லை. பொறுமையாகக் கழற்றி வைத்தது போலிருந்தது. ஷெட் சாவி அவளிடம் மட்டும்தான் இருந்தது.

அவளுக்கு முன் அந்த விமானத்தைப் பார்த்துக்கொண்ட ஜோசப்புக்குப் போன் செய்தாள். "அதுல விபத்து, சாவு ஏதாவது உண்டா அண்ணே?"

"ஒரு கீறல் கூட கெடையாதும்மா. இன்னாத்துக்குக் கேக்கற?"

"லாக் புக்குல ஒரு சந்தேகம்," என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரம் அவள் முன் சீட்டுகள் இரண்டையும் வெளியே எடுத்துப் போட்டு, பட்டைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். வலப்பக்கம் நன்றாகவே இருந்தது. இடப்பக்கம், சுப்பராயன் உட்காரும் பக்கம், துளைகள் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தன. ஒரு துளையிலிருந்து அடுத்ததற்கு மயிரிழை போல விரிசல். விமானம் எழும்பும் நேரத்தில் அந்தப் பின் நழுவினால் சீட்டு பின்னால் ஓடும். ஓட்டுபவர் கையிலிருக்கும் கட்டுப்பாட்டையும் இழுத்துக்கொண்டே போவார். விமானத்தின் மூக்கு செங்குத்தாகத் தூக்கும். அப்புறம் விழ வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பறக்கலாம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

அவர் குனிந்து பார்த்தார். "இத்துனூண்டு கோடு. இன்னும் ஒரு வருசம் தாங்கா..."

வார்த்தையை முடிக்கவில்லை. முகம் சாம்பலாகப் போயிற்று. எழுந்து, ஷெட் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"புதுசு வாங்கிடலாம்," என்றார்.

ஏழு மாதம் கழித்துப் புதிய விமானம் வந்தது. பழையது மூலையில் தார்ப்பாய்க்குள் போயிற்று. புதியதில் முள் வைத்த அளவுமானிகளே இல்லை, அகலமான இரண்டு திரைகள். வலது சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. எல்லாவற்றையும்விட அதன் ஹெட்செட் ஏஞ்சலினுக்கு அதிசயமாக இருந்தது. காதில் வைத்ததும் இஞ்சின் சத்தம் தூரத்து மின்விசிறிபோல அடங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர் பேசினால் மைக் தானாகத் திறந்து, காதுக்குள்ளேயே பேசுவது போலக் கேட்கும். பழையதில் இஞ்சின் தலைக்குள்ளேயே ஓடும். பக்கத்து ஆள் கத்தினாலும் கேட்காது.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு இறங்கி வந்த சுப்பராயன், "அந்தப் பக்கத்து மைக்குல ஏதோ கோளாறு. உஸ்சு உஸ்சுனு கேட்டுகினே கீது," என்றார்.

"ஏசி காத்து மைக்குல படுது சார்," என்றாள். காற்று வரும் துவாரத்தை மூடினாள். பிளாஸ்டிக் உறை நடுவில் அழுந்தி, உட்கார்ந்த தடமாகச் சுருங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். துளைகளை முன்னாலிருந்து எண்ணினாள். நான்கு.

பழைய விமானத்தைக் குற்றம் சொல்ல இனி வழியில்லை. இவ்வளவு நாளும் அந்த இரும்பில்தான் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு, அவர் ஏறுவதற்கு முன், வலப்பக்க ஹெட்செட்டைக் கழற்றித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சீட்டைக் கடைசித் துளைக்குத் தள்ளினாள். பூட்டுப் பின் விழுந்த சத்தத்தைக் கேட்ட பிறகே கதவைச் சாத்தினாள். விமானம் போயிற்று. இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தது. ஷெட் வாசலில் நின்றது. இஞ்சின் அணையவில்லை. கதவும் திறக்கவில்லை.

அவளே போய்த் திறந்தாள். சுப்பராயன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

ஏஞ்சலின் காதில் வைத்தாள். இஞ்சின் அடங்கியது. மைக் திறக்கும் மெல்லிய சொடுக்கு. அப்புறம் மூச்சு. உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டில் ஒரு விசில். வெளியே விடும்போது சளி உடையும் கரகரப்பு. அந்த மூச்சை அவள் சின்ன வயதிலிருந்தே கேட்டவள். உலைப் புகையைக் குடித்த நெஞ்சு அப்படித்தான் இழுக்கும். அவள் அப்பா அப்படித்தான் தூங்குவார்.

இஞ்சினை அணைத்தாள். வலது சீட்டு நான்காவது துளையில் இருந்தது.

"யாரு சார் அது?"

அவர் இறங்கி, ஓடுதளத்தின் விளிம்பில் வெயிலிலேயே உட்கார்ந்தார். "சின்னராசு. நானும் அவனும் சேந்துதான் கம்பெனி ஆரம்பிச்சோம். டூட்டி முடிஞ்சா மொட்டமாடில உக்காந்துகினு மேல போற பிளேனை எல்லாம் எண்ணுவோம். ஒண்ணு வாங்கி ரெண்டு பேரும் ஏறணும்பான். உலை போவப்போவுது, மாத்துடா மாத்துடான்னு மூணு தபா சொன்னான். இன்னும் ஒரு வருசம் தாங்கும்டான்னேன். வெடிச்ச அன்னிக்கு அவன்தான் பக்கத்துல நின்னுகினு இருந்தான்."

"எவ்ளோ உயரம் இருப்பாரு?"

"என் தோளுக்குக் கீழ."

ஏஞ்சலினுக்கு அழவும் தோன்றவில்லை, ஓடவும் தோன்றவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று அன்று பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தாள். வீட்டில் அப்பா மூச்சிழுத்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் நின்றாள். திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்குப் போனாள்.

சுப்பராயன் புதிய விமானத்தை விற்றுவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து கல்பனா என்ற டாக்டரம்மா வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் கழித்து, ஏதோ சந்தேகம் கேட்கக் கூப்பிட்டவர், "இஞ்சின் ஓடறதே தெரியலைங்க, அவ்வளவு அமைதி," என்றார்.

"பக்கத்து சீட்டுல எதாவது..."

"எங்க ஊட்டுக்காரர் உக்கார்றார். ஏனுங்க?"

"சும்மா கேட்டேன் மேடம்."

பழைய விமானத்தின் தார்ப்பாயை எடுத்தார்கள். இடப்பக்கப் பட்டைகளை மாற்றி முடித்ததும் சுப்பராயன், "அந்தப் பக்கமும் மாத்திடு," என்றார்.

"அதுல விரிசலே இல்ல சார்."

"மாத்தும்மா."

மாற்றினாள். இப்போது ஞாயிறுதோறும் அவர் அதில்தான் போகிறார். ஏறியதும் வலப்பக்கம் சாய்ந்து, காலிச் சீட்டின் பெல்ட்டை மாட்டிவிடுவார். பிறகுதான் தன்னுடையது.

"இதுல ஒண்ணும் கேக்காது ஏஞ்சலினு. இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது," என்றார் ஒருநாள்.

அவள் அந்தச் சீட்டை இப்போது நகர்த்துவதில்லை. அதைச் சுற்றியே தரையைத் துடைக்கிறாள். போன ஞாயிறு விமானம் புறப்பட்டு ஓடும்போது, வலப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து உருள்வதாக அவளுக்குப் பட்டது. திரும்பி வந்து அவர் இறங்கியதும், இரண்டு டயரிலும் காற்றை அளந்து பார்த்தாள். சமமாகத்தான் இருந்தது.