ஆறு வாரம் பிந்திய சனிக்கிழமைகள்

தலவாக்கலையில் மகள் வீட்டில் சனிக்கிழமைதோறும் மருமகன் டீவியில் இங்கிலாந்துக் கால்பந்து போடுகிறார். அங்கே கோல் விழும் அதே நொடியில் இங்கே கத்துகிறார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். மாமாவுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துக்கொள்ளட்டும். ஒரு சீசன் முழுவதையும் ஓர் ஆட்டம் விடாமல் தொடர்ந்தவன் நான். ஆயுசுக்கும் அது போதும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸில் நான் சின்னக் கிளாக்கர். எங்கள் துரைக்கு இங்கிலாந்துப் பத்திரிகைகள் கப்பலில், ஆறு வாரம் பிந்தி, கட்டுக்கட்டாக வரும். அந்த மனிதருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கட்டைப் பிரித்ததும் கடைசிப் பத்திரிகையைப் புரட்டிப் பார்க்கவே மாட்டார். தேதி வரிசைப்படி நாளைக்கு ஒன்றுதான் வாசிப்பார். வாசித்து முடித்தது மறுநாள் ஆபீஸுக்கு வந்துசேரும். துரை ஆறு வாரம் பின்னால் வாழ்ந்தார். நாங்கள் அவருக்கும் ஒரு நாள் பின்னால்.

நாங்கள் என்றால் நானும் என் கூட்டாளியும். அவனுக்குத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. தொழிலாளர் குடியிருப்பில் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். நான் நாலெழுத்து இங்கிலீஷ் படித்துப் பேனா பிடித்தேன், அவன் படிக்கவில்லை. ஞாயிறு சாயங்காலம், காலையில் ஆள் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்து மதிலில் உட்கார்ந்து நான் ஆட்டச் செய்திகளை வாசித்துச் சொல்வேன். முதல் டிவிஷனில் இருபத்திரண்டு அணிகள். கடைசி மூன்றும் கீழே இறக்கப்படும். அவன் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசிக் கும்பலில் கிடந்த ஓர் அணியை. படத்தில் அவர்கள் மழையில் முழங்கால்வரை சேறாக நின்றார்கள். "இவனுங்க நம்ம ஆளுங்கடா" என்றான். வாராவாரம் தோற்றுக்கொண்டேயிருந்தார்கள்.

அவனுடைய அப்பா யாரோ பேச்சைக் கேட்டு இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் செத்துப்போயிருந்தார். அந்தத் தாளில் இவன் பெயரும் இருந்தது. அப்படிப் பெயர் உள்ளவர்களை இலங்கை அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இந்தியாவைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்திராதவன். இங்கேயே இருக்கவிடுங்கள் என்று நான்தான் அவனுக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்தேன். பதிலைக் காணோம். அரிசி கிடைக்காத வருஷம் அது. மரவள்ளியைத் தின்று வயிற்றை ஏமாற்றிக்கொண்டிருந்தோம். ட்ரங்குப் பெட்டிகளோடு ஒவ்வொரு குடும்பமாக ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அவன் சொன்னான்: "இவனுங்க தப்பிச்சுட்டா நானும் தப்பிச்சேன்டா." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அதற்குப் பிறகு பத்திரிகை வாசிக்கும்போதெல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.

சீசனில் இரண்டே ஆட்டங்கள் பாக்கி இருந்தபோது அந்தக் கடிதம் வந்தது. தோட்டத்து ஆட்களின் தபாலெல்லாம் ஆபீஸுக்குத்தான் வரும். ஆள்வாரியாகப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. அவன் பெயருக்கு, முத்திரை குத்திய மெலிசான காக்கி உறை. அதே மாதிரி உறைகளை எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே பதில்தான், முடியாது என்று. இதைப் பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய ஞானி பாருங்கள்! கெட்ட செய்தி எங்கே ஓடிவிடப்போகிறது, இந்த இரண்டு ஞாயிறையாவது அவன் நிம்மதியாகக் கழிக்கட்டும் என்று மேசை லாச்சிக்குள் போட்டேன். தானாக வரும் நாள்வரை எதையும் பிரிக்கக்கூடாது என்கிற துரையின் கிறுக்கு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த அணி தப்பித்துவிட்டது. கடைசி ஆட்டத்தில் ஒரு கோல் அடித்து, ஒரே ஒரு புள்ளியில் தப்பித்தார்கள். அவன் மதிலிலிருந்து குதித்து என்னைத் தூக்கிச் சுற்றினான். அவனை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷம் கொஞ்சம் தாங்கும் என்று எண்ணி, கடிதம் நேற்றுத்தான் தபாலில் வந்தது என்று பொய் சொல்லி நீட்டினேன். "நீயே வாசிடா" என்றான்.

வாசித்தேன். முடியாது என்று அதில் இல்லை. மனுவை விசாரிக்கக் கண்டிக்கு வரவேண்டும், பிறப்புச் சான்றிதழும் இரண்டு சாட்சிகளும் கொண்டுவர வேண்டும், வராவிட்டால் மனு தள்ளுபடி என்று இருந்தது. நாளும் போட்டிருந்தது. அந்த நாள் போய் நாலு நாள் ஆகியிருந்தது.

மறுநாளே இருவரும் கண்டிக்குப் போனோம். அலுவலகத்தில் ஃபைலை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. தவணை முடிந்தது, அடுத்த ஆள் வா என்றார்கள். நான் கெஞ்சினேன், கும்பிட்டேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை. அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

மூன்று மாதத்தில் அவனுக்குப் பயண நாள் வந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் அவன் மனைவி கைப்பிள்ளையோடு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ எனக்காக எம்புட்டோ அலைஞ்சடா. இந்தப் பாழாப்போன தபாலுதான் கெடுத்திருச்சு. ஒரு வாரத்துக்கு முந்தி வந்திருந்தா நான் எங்கடா போகப்போறேன்?"

வண்டி வந்து நின்றிருந்தது. சொல்ல நேரம் இருந்தது, தாராளமாக இருந்தது. நானும் தபால்காரர்களைத் திட்டினேன். அவனைவிடச் சத்தமாகத் திட்டினேன்.