தல்லு, தள்ளு

என் மகளின் காலில் ஜீப்பின் பின்சக்கரம் ஏறியபோது மணி பத்து நாற்பது. சின்னக்கானலில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை வாசலில் அவள் வரிசையில் எட்டாவது ஆளாக நின்றிருந்தாள். டிரைவர் காலையிலேயே குடித்திருந்தான். பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டான். பக்கத்து டிவிஷன்காரன், முப்பது வயதிருக்கும்.

அவளை வேறு வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு எல்லோரும் அவனிடம் திரும்பினோம். தரதரவென்று இழுத்து, ரோட்டுக்கு இறங்கும் படிக்கட்டின் ஓரத்தில் போட்டோம்.

ஃபேக்டரியில் முப்பத்தாறு வருஷம் எடை எழுதியவன் நான். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. கம்பு, உதை, கவாத்துக் கத்தியின் மொண்ணைப் பக்கம் எல்லாம் சேர்த்து முப்பத்தொன்று. என் குடையால் நான் கொடுத்தது நான்கு. மூன்றாவதில் அவன் மூக்கு உடைந்தது. நான்காவது தேவையே இல்லை, அதையும் கொடுத்தேன்.

"கத்தியத் திருப்பிப் புடிலே! என்ன தடவிக் குடுத்துக்கிட்டிருக்க?" என்று ஒருத்தி கத்தினாள்.

கத்தி வைத்திருந்தவன் திருப்பிப் பிடித்தான்.

அப்போதுதான் மேலே சர்ச்சிலிருந்து அச்சன் ஓடிவந்தார். மலையாளத்துப் பாதிரியார், வந்து ஐந்து மாதம்தான். நாங்கள் மாரியம்மன் கோவில்காரர்கள். அவரோடு பேச்சு கிடையாது. டிரைவர்மேல் கவிழ்ந்து படுத்தார். பிறகு எழுந்து கைகளை விரித்துக்கொண்டு அலறினார்:

"இவனு பகரம் என்னெ தல்லு! என்னெ தல்லு!"

இவனுக்குப் பதிலாக என்னை அடி என்கிறார். தல்லு என்றால் அடி; நாற்பது வருஷமாக எனக்குத் தெரிந்த சொல். அந்த நிமிஷம் என் காதில் அது 'தள்ளு' என்று விழுந்தது. தள்ளினேன்.

டிரைவரின் உடம்பில் இடறி அவர் மல்லாக்கப் படிகளில் உருண்டார். பதினொரு கற்படிகள். ஒன்பதாவதில், சிதறுகாய் போட்ட மாதிரி ஒரு சத்தம்.

கீழே, ரத்தம் கண்ணுக்குள் இறங்க, கை முறுகிக் கிடக்க, எங்களை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "மதியோ?"

போதுமா என்று அர்த்தம். அந்தச் சொல் எல்லோருக்கும் சரியாகவே கேட்டது. கத்தி கீழே விழுந்தது.

போலீசிடம் அச்சன் தானே வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டாராம். எனக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் சர்ச்சுக்குப் போய் அவர் முன்னால் நின்றேன். தலையில் ஒன்பது தையல், கையில் மாவுக்கட்டு.

"தள்ளினது நான்தான் அச்சோ. அடிங்கறதத் தள்ளுன்னு கேட்டுட்டேன்."

விலா வலிக்க, அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவிடெ ஞான் சொன்னதக் கேட்டுச் செஞ்ச ஒரே ஆள் நீங்களாக்கும்."

"போலீசுகிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"பொய்தான். அதுக்கு ஞான் வேற ஒரு அச்சன்கிட்ட போய் முட்டி போட்டுப் பாவத்தச் சொல்லணும்."

"அப்ப எனக்கு என்ன பரிகாரம்? எத்தனை சுத்து, எத்தனை விளக்கு? ஒரு எண்ணிக்கை சொல்லுங்க."

"அவனுக்கு உள்ள அடிய ஞான் வாங்கியாச்சு. இனி அவனெ ஆரும் தல்லான் பாடில்ல. அதெ நீங்க போய் அவன்கிட்ட சொல்லணும். அத்தறேயுள்ளு."

இனி அவனை யாரும் அடிக்கக் கூடாது, அவ்வளவுதானாம். ஐம்பது விளக்கு என்றிருந்தால் ஏற்றிவிட்டுப் படுத்திருப்பேன்.

ஆஸ்பத்திரி வார்டில் ஏழாவது கட்டில். என்னைக் கண்டதும் டிரைவர் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான். என் கையில் அதே குடை. அதைக் கதவோரம் வைத்துவிட்டுக் கட்டிலருகே வந்தேன்.

"இனி ஒன்னய யாரும் அடிக்க மாட்டாங்க, லே."

ஒரு கையை மட்டும் இறக்கினான். "மகளுக்குக் கால் எப்படி இருக்கு, ஐயா?"

"ரெண்டு வெரல் போச்சு," என்றேன். "மூணு இருக்கு."

மற்றக் கையையும் இறக்கினான்.