மேனேஜரின் காது

நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கத் தெரியாதவன் நான். படித்த ஐந்து வகுப்பிலும் வாத்தியார் கேட்டதற்குத் தெரிந்த பதிலைக்கூடச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட நானும் ஒரே ஒரு தடவை தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

அப்பாவுக்குத் திருச்சியில் ஒரு நூல் மில்லில் வேலை. சங்கத்துச் செயலாளரும் அவர்தான். அந்த வருஷம் சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசினார் என்று சித்தப்பாவை மில்லிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவரைத் திருப்பி எடுக்கச் சொல்லிச் சங்கத்து ஆட்கள் தினமும் மில் வாசலில் கோஷம் போட்டார்கள். சித்தி நிறைமாதம். இருவரும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அம்மா முதல் கரண்டி சோறு வைக்கும்போதே சித்தப்பா, "போதும் அண்ணி" என்று இலையை மறைப்பார்.

மேனேஜருக்கு ஸ்ரீரங்கம். நாங்களும் ஆற்றங்கரைப் பக்கம்தான். மில்லில் முகம் பார்த்துப் பேசாத அவரும் அப்பாவும், விடிந்ததும் அம்மா மண்டபம் படித்துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பேசுவார்கள். நான் படியில் உட்கார்ந்து பல் விளக்குவேன்.

"நாளைக்கு மெட்ராஸ்லேர்ந்து முதலாளி வரார், ஓய்" என்றார் மேனேஜர் ஒருநாள். "உம்ம ஆட்கள் போடற கோஷம் என் ரூம்ல கேக்கவே மாட்டேங்கறது."

"கத்திக் கத்தித் தொண்டை வத்திப் போச்சுங்க சாமி."

"பனங்கல்கண்டு போட்டுக்கச் சொல்லும். நாளைக்குப் பலமா இருக்கணும்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாவம், மேனேஜருக்குக் காது மந்தம். சித்தப்பாவின் கஷ்டம் அவர் காதில் விழவே இல்லை. விழுந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்ளாமலா இருப்பார்?

மறுநாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன அம்மாவோடு நானும் மில்லுக்குப் போனேன். "மேனேஜர் ஒழிக!" என்று கத்தியதில் அப்பாவின் குரல்தான் பெரிது. மில் கேட்டுக்கு உள்ளே முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேனேஜர் உம்மென்று நின்றார். இவ்வளவு சத்தத்துக்கும் அவர் முகத்தில் ஒரு அசைவு இல்லை. இன்னும் கேட்கவில்லை போலிருக்கிறது.

கேட்டுக் கம்பியில் ஏறினேன். அவர் காதுக்கு நேராக, "எங்க சித்தப்பாவைத் திருப்பி எடுங்க!" என்று அலறினேன்.

மேனேஜர் துள்ளி விலகினார். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. தினமும் பார்க்கிற பிள்ளை என்று முதலாளி எதிரில் மேனேஜர் வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னாலும், அவர் சிரித்தாலும், காரியம் கெட்டுவிடும்.

அவர் சிரிக்கவில்லை. காதைப் பிடித்தபடி முதலாளியிடம் திரும்பினார்.

"பாத்தேளா சார்? குழந்தைகள்கூடக் கேட்டு மேல ஏற ஆரம்பிச்சாச்சு. இனிமே என்னால சமாளிக்க முடியாது. உள்ளே கூப்பிட்டுப் பேசிடலாம்."

சாயங்காலத்துக்குள் பேசி முடித்துவிட்டார்கள். சித்தப்பா சூப்பர்வைசரிடம் வருத்தம் தெரிவிப்பது, மறுநாளே வேலைக்கு வருவது. அன்றைக்குச் சாப்பாட்டில் சித்தப்பா தாமாகவே, "அண்ணி, இன்னுங் கொஞ்சம் சோறு" என்றார்.

விடிந்ததும் படித்துறையில் மேனேஜரைக் கண்டேன். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று, "கும்பிடுறேன் சாமி!" என்று கத்தினேன். குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் அப்பாவைப் பார்த்தார். பிறகு காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"என்னடா சொன்னே? காதுல விழலியே."

இன்னும் பலமாகச் சொன்னேன். அவர் மில்லை விட்டுப் போகும்வரை அவரிடம் நான் அப்படித்தான் பேசினேன், அவரும் அப்படித்தான் கையைக் குவித்துக் கேட்டார். அப்போதெல்லாம் அப்பா மட்டும் ஏன் சட்டென்று தண்ணீருக்குள் முங்கி, மூச்சு முட்டும்வரை வெளியே வராமல் இருந்தார் என்பதுதான் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.