கொடுவா மாட்டிய இடம்

என் வீட்டுக்காரருக்கு மருத்துவமனையில் லிப்ட் இயக்கும் வேலை. காலையில் அந்தப் பெட்டிக்குள் நுழைந்தால் சாயங்காலம்தான் வெளியே வருவார். ஸ்ட்ரெச்சரும், சாப்பாட்டுக் கூடையும், அழுகிற சொந்தக்காரர்களுமாக ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். "எத்தனாவது மாடி?" என்று இவர் கேட்டுக்கொண்டே இருப்பார். கல்யாணமான புதிதில் தூக்கத்திலும் அதையே கேட்டு என்னைப் பயமுறுத்தியிருக்கிறார் மனுஷன்.

வாரத்தில் ஒரு நாள் லீவு. அன்றைக்கு ஆளைப் பிடிக்க முடியாது. தூண்டில் ராடைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடிவிடுவார். மீனுக்காக ஓடவில்லை, மீன் கடையிலேயே கிடைக்கிறது. அந்தப் பெட்டிக்கு வெளியே உட்கார அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வாட்டர் ஸ்கூட்டர்களும் வாழைப்பழம் மாதிரி நீண்ட ரப்பர் படகுகளும் உறுமுகிற கடற்கரையைத் தாண்டிப் போனால், பாறைகளுக்கு உள்பக்கம் ஒரு மடு இருக்கிறது. அலையெல்லாம் வெளியிலேயே உடைந்துவிடும். உள்ளே ஆழம், நிசப்தம். அதுதான் அவருடைய இடம்.

இதுகூட எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. இந்தத் தூண்டில்காரர்கள் இருக்கிறார்களே, மீன் எங்கே மாட்டியது என்று கேட்டால் வாய் கூசாமல் பொய் சொல்வார்கள். கிழக்கே பிடித்துவிட்டு மேற்கே கையைக் காட்டுவார்கள். அவர்களுக்குள் அது தப்பே இல்லை. உண்மையைச் சொல்கிறவனைத்தான் பைத்தியக்காரன் என்பார்கள். கட்டிய பெண்டாட்டி கேட்டாலும் இவரிடமிருந்து "அந்தப் பக்கம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அப்படிப்பட்ட கமுக்கமான ஆள் ஒரே ஒரு தடவை வாயை விட்டார். அதுவும் யாரிடம்? என் தம்பியிடம்!

சுற்றுலா வருகிறவர்களை வாட்டர் ஸ்கூட்டரில் ஏற்றி விடுவதுதான் தம்பிக்குத் தொழில். அன்றைக்குப் பெண்டாட்டியோடு வீட்டுக்கு வந்திருந்தான். இவர் கை நீளத்துக்கு ஒரு கொடுவா மீனைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"என்ன மாமா, எந்தக் கடையில வாங்குனீங்க? இன்னும் ஐஸ்கூட உருகல போல!" என்றான் தம்பி. அவன் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "கடையா? அடுத்த லீவுக்கு வா மாப்ள. எடத்தையே காட்டறேன்."

போனான் பாவி. மீனை அவன் பார்க்கவே இல்லையாம், தண்ணீரைத்தான் பார்த்தானாம். "மாமா, இங்க அலையே இல்லையே! புதுசா படகு ஓட்டிப் பழகறவங்களுக்கு அம்சமான எடம்!"

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மடுவைச் சுற்றித் தம்பி போட்ட ஆரஞ்சு மிதவைகள், கயிறு, வரிசையாகக் குட்டிப் படகுகள், 'தூண்டில் போடக் கூடாது' என்று ஒரு பலகை. விசில் ஊதுகிற காவலாளி இவரைக் கோழியை விரட்டுவதுபோல விரட்டியிருக்கிறான். நேராகத் தம்பியிடம் போய் நின்றேன்.

"ஏன்டா, உனக்கு மனசாட்சி இருக்கா? அவருக்குன்னு இருந்ததே அந்த ஒரு எடம்."

"கடல் என்ன மாமா பேர்ல எழுதி வச்சிருக்கா அக்கா? வேணாம்னா சொன்னேன்? வரட்டும். நம்ம ஆளா வரட்டும்."

நம்ம ஆள் என்றால் என்னவென்று பிறகுதான் தெரிந்தது. சுற்றுலாக்காரர்களுக்கு மீன் பிடிக்கவும் ஆசையாம். இவர் லீவு நாளில் படகில் அவர்களோடு உட்கார்ந்து தூண்டில் போட்டுக் கொடுக்க வேண்டும். அவர்களுக்குக் காத்திருக்கப் பொறுமை ஏது? அதனால் ஓர் ஆள் தண்ணீருக்குள் முங்கிப் போய், ஐஸ் பெட்டியில் இருந்த செத்த மீனைக் கொக்கியில் மாட்டிவிடுவான். மேலே இவர் "இழுங்க சார், இழுங்க!" என்று கத்த வேண்டும். தூ! கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டேன்.

"இந்த மானங்கெட்ட பொழப்பு நமக்கு வேணுமா?" என்றேன்.

"அந்தத் தண்ணிமேல உக்கார எனக்கு வேற வழி இல்லையேடி," என்றார். அடுத்த லீவுக்கே போய்ப் படகில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன என்னை, "நீயும் ஏறு," என்று படகில் உட்கார வைத்தார். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடியும், பின்பக்கம் படகை ஓட்டத் தம்பியும் இருந்தார்கள். இவர் இரை மாட்டி நூலை வீசி, ராடை மாப்பிள்ளைப் பையன் கையில் கொடுத்தார். முங்குகிற ஆள் இன்னும் தண்ணீரிலேயே இறங்கவில்லை. அதற்குள் ராடு வில்லாக வளைந்தது. ரீல் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடியது.

அம்மாடி, இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "சார், புடிச்சு இழுக்காதீங்க! ஓட விடுங்க, ஓட விடுங்க! கொடுவா சார், பெருசு!" பையனின் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். தூரத்தில் மீன் ஒரு தடவை தண்ணீருக்கு மேலே துள்ளி விழுந்தது. நானும் பார்த்தேன். வெள்ளி வெள்ளியாக, உயிரோடு.

அது மிதவைக் கயிற்றுப் பக்கம் ஓடியது. எதிரே குட்டிப் படகுகள் வந்துகொண்டிருந்தன.

"மாமா, அறுத்து விடுங்க! எதிர்ல பார்ட்டி வருது, நூல்ல சிக்கிடுவாங்க!" படகின் பின்பக்கத்திலிருந்து தம்பி கத்தினான்.

"கொஞ்சம் இரு மாப்ள... கொஞ்சம்..."

தம்பி காத்திருக்கவில்லை. எட்டி வந்து கத்தியை வைத்தான். நூல் பட்டென்று அறுந்தது. முங்குகிற ஆளுக்குக் கண்ணைக் காட்டினான். வேறொரு ராடு பையன் கைக்கு வந்தது, செத்த மீன் மேலே வந்தது, போட்டோவும் எடுத்தாயிற்று.

பையனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அங்கிள், இவ்ளோ நேரம் இழுத்தது இதுதானா?"

இவர் தம்பியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அறுந்த நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ஆமா சார். இதேதான்."

எத்தனை பொய் கேட்டிருக்கிறேன் இவர் வாயால்! எல்லாம் அந்த இடத்தைக் காப்பாற்றச் சொன்னது. இந்த ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த லீவுக்குத் தம்பி கூப்பிட வந்தபோது இவர் காக்கி யூனிபாரம் போட்டுக்கொண்டிருந்தார். லீவு வேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டாராம். கதவுக்குப் பின்னால் இருந்த ராடை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார்.

"இந்தா மாப்ள. மீனைத்தான் கீழேயே மாட்டி விட்டுடறீங்களே, அப்புறம் தூண்டில் போட ஆள் எதுக்கு?"

செருப்பை மாட்டிக்கொண்டு லிப்டுக்குப் போய்விட்டார்.