ஒற்றைக் கையுறை

"வா கண்ணு. உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லியபடி வெர்னா புல்லிலிருந்து தேரையைத் தூக்குகிறாள். இடது கையில் பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் உறை. வலது கை, கோடையிலும் கழற்றாத பச்சை ஸ்வெட்டரின் பைக்குள் பத்திரமாக இருக்கிறது. தேரை உள்ளங்கை அகலம். கண்ணுக்கு மேல் எலும்பு புடைத்திருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கிறாள். புடைப்பு இல்லையென்றால் அது ஊர்த் தவளை, அதைக் கீழே விட்டுவிடுவாள். இதற்குப் புடைத்திருக்கிறது. ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் இறக்கி மூடியை அழுத்துகிறாள்.

"கொண்டாந்து விட்டவன் எவனோ. அனுபவிக்கிறது நீ."

ஒவ்வொரு தேரைக்கும் இதையேதான் சொல்கிறாள். அவசரத்தில்கூட ஒன்றுக்குச் சொல்லாமல் விட்டதில்லை. காலை ஐந்தே முக்காலுக்குக் கொட்டகைக்குப் போய் டப்பாக்களை ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு, ஆறு மணிக்குத் தியானக் கூடத்தில் தன் பாயில் உட்கார்ந்திருப்பாள்.

ரப்பர் உறைகளை ஜோடியாகத்தான் விற்கிறார்கள். இடது உறை மூன்று மாதத்தில் கிழிந்துபோகும். வலது உறை அப்படியே புதிதாக மிஞ்சும். கொட்டகைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் இருபதுக்கு மேற்பட்ட வலது உறைகள் வாழைச் சீப்பு மாதிரி தொங்குகின்றன. ரெண்டு கையிலும் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்டால், "இந்தக் கை மணிக்கு" என்பாள்.

ஓடைக்கு மேலே இருக்கும் அந்தப் பழைய பால்பண்ணையில் முப்பது பேர் புத்தர் வழியில் சேர்ந்து வாழ்கிறார்கள். மாடு கட்டிய இடம்தான் இப்போது கூடம். அங்கே மணியை அடிப்பது என்று யாரும் சொல்வதில்லை, அழைப்பது என்பார்கள். வெண்கலக் கிண்ணம், அதற்கொரு மெத்தை, துணி சுற்றிய மரக்குச்சி. ஒன்பது வருஷமாக அந்தக் குச்சி வெர்னாவிடம் இருக்கிறது. அவள் மணியை அழைக்காமல் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மாதம் ஒருமுறை டவுனுக்குப் போய், நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பணம் கொடுக்கும் வங்கியின் வாசலில், நடைபாதையில் எதிர்ப்பாகக் கண்ணை மூடி உட்காருவார்கள். காவலுக்கு வரும் போலீஸ்காரருக்கும் இந்த வழக்கம் பழகிவிட்டது. "எப்பம்மா மணி? என் டீ ஆறிடும் போலிருக்கே" என்று வெர்னாவின் காதருகே குனிந்து கேட்பார். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து ஐந்து விரலைக் காட்டுவாள்.

புதன்கிழமை, வெள்ளத்தில் வீடு போய் இன்னமும் கேரவனில் இருப்பவர்களுக்குச் சூப். சனிக்கிழமை, ஓடைக்கரையில் கன்று நடுவது. ஃபிரிட்ஜில் தூங்கி, பிறகு ஃப்ரீசரில் விறைத்துச் செத்த தேரைகள் அன்றுதான் வெளியே வரும். கன்றுக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு தேரை. மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, "போய்ட்டு வேற ஏதாவதா வா" என்பாள்.

ஐஸ்கிரீம் டப்பாவால் ஒருமுறை பெரிய கூத்தாகிவிட்டது. பத்து நாள் மௌன முகாமுக்கு வந்திருந்த பெண்ணொருத்தி, நான்காம் நாள் ஆசை தாங்காமல் கொட்டகை ஃபிரிட்ஜைத் திறந்து, வெனிலா என்று எழுதிய டப்பாவைத் திறந்தாள். ஏழு தேரைகள் அரைத் தூக்கத்தில் அவளைப் பார்த்தன. பாவம், மௌனத்தைக் காப்பாற்றிவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, கூடத்து வாசலில் நின்று இரண்டு கையாலும் தேரையை நடித்துக் காட்டினாள். மணிக்குச்சியோடு உட்கார்ந்திருந்த வெர்னாவுக்குச் சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது: "ஐஸ்கிரீம் இல்லை. சத்தியமாக இல்லை."

இங்கே வருவதற்கு முன் வெர்னா இருபத்திரண்டு வருஷம் மீன்கடையில் இருந்தாள். மீன் செத்துத்தான் வரும். சேற்று நண்டு உயிரோடு வரும். ஐஸ் தண்ணீரில் போட்டு அது தூங்கிய பிறகு கத்தியை வைப்பாள். தூங்காமல் ஒரு நண்டையும் வெட்டியதில்லை என்று இப்போதும் சொல்வாள். "வெட்டினது போதும்னுதான் இங்க வந்தேன். எந்த உயிரையும் கொல்ல மாட்டேன்னு முதல் சீலத்தை எடுத்துக்கிட்ட அன்னிக்கு, ரெண்டு கையும் யாரோ கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு."

அப்போதெல்லாம் தேரைகளை யாரும் கொல்லவில்லை. அவை இந்த மண்ணுக்குச் சொந்தமில்லாதவை, உடம்பெல்லாம் விஷம், கவ்விய பாம்பும் உடும்பும் செத்துப்போகும் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்காகக் கொல்வதா? வாளியில் பிடித்து, மலைமுகட்டைத் தாண்டி அந்தப் பக்கத்து ஓடையில் விட்டு, நல்லா இருங்க என்று வாழ்த்திவிட்டு வருவது என்று எல்லாரும் வட்டமாக உட்காரும் கூட்டத்தில் பேசி முடிவு செய்தார்கள். வாளியைச் சுமந்தவள் வெர்னா. மூன்று வருஷம், வாரத்துக்கு மூன்று நாள்.

குப்பைக் குழிக்கு ஓர் உடும்பு வந்துபோகும். ஆள் நீளம் இருக்கும். மேற்பார்வை பார்ப்பது போல நிதானமாக நடக்கும் என்பதால் அதற்கு மேயர் என்று பெயர். ஒரு காலை, முகட்டுக்கு அந்தப் பக்கம் மாடு வளர்க்கும் டாரில் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னாலிருந்து மேயரைத் தூக்கிப் படியில் கிடத்தினார். அதன் வாயில் பாதி விழுங்கிய தேரை.

"உங்க மேயர்தானேம்மா இது? எங்க ஓடைக்கரையில கிடந்துச்சு. எங்கப்பன் காலத்துலருந்து அந்த ஓடையில தேரையே கிடையாது. மூணு வருஷமா எங்கருந்துதான் வருதோ, தெரியல" என்றார் டாரில்.

வெர்னா அப்போது கையில் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். டாரில் வாளியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வண்டியில் ஏறினார்.

அந்த வாளி முகடு ஏறவில்லை. அன்று மாலை வட்டத்தில், இனி என்ன செய்வது என்ற கேள்விக்கு யாரும் வாயைத் திறக்காதபோது, "தூங்க வச்சு அனுப்பற வழி எனக்குத் தெரியும்" என்று வெர்னா சொன்னாள். இது நடந்து ஆறு வருஷம். இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் டாரிலின் ஓடைக்கும் போய்ப் பொறுக்குகிறாள். அவர் வேலியில் சாய்ந்துகொண்டு, "ஏம்மா, இன்னிக்கு எத்தனை பேருக்கு மோட்சம்?" என்று கேட்பார். பதினாலு என்பாள். அவர் தன் கணக்குக்கு ஒரு ஃபிளாஸ்க் டீயை வேலிக்கம்பத்தின் மேல் வைத்துவிட்டுப் போவார்.

பௌர்ணமியை அடுத்த ஞாயிறு காலை ஐந்து சீலங்களையும் வாசிப்பார்கள். மூத்தவரான லியென் ஒவ்வொன்றாகப் படித்து, போன மாதம் இதைக் காத்தோமா என்று கேட்பார். மூன்று மூச்சு மௌனம், பிறகு மணி. இந்த ஆறு வருஷமும், முதல் சீலத்துக்கு லியென் பக்கம் புரட்டும்போதே வெர்னா குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, சமையலறைக்குப் போய்க் கெட்டிலைப் போடுவாள். பக்கத்துப் பாய்க்காரர் அந்த ஒரு மணியை அவளுக்குப் பதிலாக அழைப்பார். இரண்டாம் சீலத்துக்கு அவள் திரும்பிவிடுவாள். அவள் டீ போடத்தான் போகிறாள் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். பழையவர்களும் மெல்ல மெல்ல அப்படியே நினைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள்.

இந்த வருஷம் வந்து சேர்ந்த ரூபர்ட்டால் அப்படி நினைக்க முடியவில்லை. நகரத்தில் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன். எதிலும் கோடு நேராக இருக்க வேண்டும் அவனுக்கு. வியாழக்கிழமை வட்டத்தில் பூச்சாடி கைமாறி அவனிடம் வந்தது. சாடி யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம்.

"எனக்கு வெர்னா மேல கோபம் இல்ல. அவங்க ரொம்ப நல்லவங்க" என்று ஆரம்பித்தான். "ஆனா கொட்டகையில நடக்கிறது எனக்குத் தெரியுதே. கால் மணி கழிச்சு அதே ஆளு மணியை அழைக்கும்போது என்னால மூச்சைக் கவனிக்க முடியல. ஃபிரிட்ஜைத்தான் கவனிக்கிறேன். மணியாவது வேற யாராவது அழைக்கலாமே."

யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

வெர்னா சாடிக்குக் காத்திருக்கவில்லை. "அவன் சொல்றது சரிதான்" என்று சொல்லி, குச்சியைக் கொண்டுபோய் லியென் முன்னால் வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, வலது கையைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். ஒன்பது வருஷமாக அவள் அழுக்குப் படாமல் காத்துவந்த கை அது.

லியென் சாடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"டாரில் வந்துட்டுப் போன அன்னிக்கு, என்ன செய்யறதுன்னு கேட்டவ நான்தான். வெர்னாதான் எனக்கு வழி தெரியும்னு சொன்னா. எல்லாருக்கும் அப்பாடான்னு இருந்துச்சு. எனக்கும்தான். ஓடையில தவளை திரும்பக் கத்துதுன்னு சந்தோஷப்பட்டுக்கறோம். சீலத்தையும் அழகா வாசிச்சுக்கறோம். கெட்டில் போட எழுந்து போறவ மட்டும் இவ ஒருத்தி." குச்சியை எடுத்து வெர்னாவின் பாயில் வைத்தார். "ஞாயித்துக்கிழமை முடியட்டும். மணி யார்கிட்ட இருக்கணும்னு அப்புறம் பேசிக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலை வெர்னா கொட்டகைக் கதவைச் சாத்தியபோது ஆணியில் ஓர் உறை குறைந்திருந்தது. குளத்தின் ஓரத்தில் ரூபர்ட் முழங்கால் தண்ணீரில் நின்றான். வலது கையில் மஞ்சள் உறை. தேரை முட்டைகள் கோந்துச் சரமாகப் புல்லில் சுற்றிக் கிடந்தன. அவற்றை இழுத்துக் கல்லின் மேல் போட வேண்டும். வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

"பாக்காம இழுக்காத. பாத்துட்டே இழு" என்றாள் வெர்னா.

அவன் பார்த்துக்கொண்டே நாலு முழம் இழுத்தான். கல்லின் மேல் போட்டான். பிறகு புதருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். திரும்பி வந்தபோது வெர்னா டாரிலின் ஃபிளாஸ்க்கை நீட்டினாள். சனிக்கிழமையும் வந்தான்.

ஞாயிறு காலை ரூபர்ட் வந்து வெர்னாவுக்குப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்தான். லியென் பக்கம் புரட்டினார். வெர்னா குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். உயிரைப் பறிப்பதில்லை, பறிக்க விட்டுவிட்டுச் சும்மா இருப்பதும் இல்லை என்று லியென் படிப்பது கேட்டது. காத்தோமா என்ற கேள்வியும் கேட்டது. வெர்னா மூச்சை எண்ணினாள். மூன்று ஆயிற்று. ஆறு ஆயிற்று. கெட்டில் இரைய ஆரம்பித்ததும், அந்தச் சத்தத்தில் தவறவிட்டுவிடுவோமோ என்று அதை அணைத்தாள். கூரைத் தகரக் குழாயில் ஒரு தவளை கத்தியது. மணி வரவில்லை.

பாவம், புதுசு, அவனுக்கு முறை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு ஈரக்கையோடு கூடத்து வாசலுக்கு வந்தாள். முப்பது பேரும் அசையாமல் இருந்தார்கள். லியெனின் புத்தகம் அதே பக்கத்தில் திறந்திருந்தது. குச்சி வைத்த இடத்திலேயே இருந்தது, ரூபர்ட்டின் கைக்கு எட்டும் தூரத்தில்.

வெர்னா அவன் பக்கத்தில் குனிந்து, "ரூபர்ட், மணி" என்று கிசுகிசுத்தாள்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. மடியில் கிடந்த வலது கையின் நகக்கண்ணில், உறையையும் மீறிக் குளத்துப் பாசி கறுத்திருந்தது.

"இந்த மணியை என்னாலயும் அழைக்க முடியாது, வெர்னா."

யாரும் வேறு பக்கம் பார்க்கவில்லை. வெர்னா தன் பாயில் உட்கார்ந்தாள். குச்சியை நோக்கி வழக்கம்போல வலது கை நீண்டது. பாதி வழியில் நின்றது. அந்தக் கையை மடக்கிப் பச்சை ஸ்வெட்டரின் பைக்குள் விட்டுக்கொண்டாள். இடது கையால் குச்சியை எடுத்து மணியை அழைத்தாள்.